ஓடும் படகின் பின்னே ஓடும் தூண்டில்

நம் சங்கத்து இளைஞர் ஒருவர் தொழில் நிமித்தம் மஸ்கத்து நகரில் வாழ்ந்து வருகின்றார். அவர் சென்ற மாதம் எமக்கொரு கடிதம் விடுத்திருந்தார். தம் அலுவலகத்தார் விடுமுறை நாளொன்றில் தம்மை மோட்டார் உல்லாசப் படகிலேற்றி நடுக்கடலுக்கு அழைத்துச் சென்றனர் என்றும், படகு நில்லாது ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன் பின்புறம் நான்கைந்து தூண்டில்களை நீரில் இழுத்துக்கொண்டு போயினர் என்றும், சிறிது போழ்தில் கைநீளத்தினும் மிக்க மீனொன்று அகப்பட்டது என்றும், அதனை அராபியர் கன்அத் என்றும் ஆங்கிலம் வல்லார் கிங்பிஷ் என்றும் கூற, உற்று நோக்கிய தமக்கு அது நம் ஊர்ச் சந்தையில் கருவாடாகக் கண்ட நெய்மீனே என்று விளங்கிற்று என்றும் எழுதியிருந்தார். இறுதியில் ஒரு வினா: "ஐயா, இது மேனாட்டார் கண்ட விளையாட்டா? நம்மவர் கடலில் முன்பே உண்டா?"

இவ்வினாவுக்கு விடை எழுத யாம் கடமைப்பட்டவர் ஆயினோம். அதற்கு அவர் அறியாத காரணமொன்றும் உண்டு. சென்ற ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த நம் கூட்டமொன்றில், கடல் வளம் குன்றி வருவதைப் பற்றிப் பேசுங்கால், "கடலில் இழுத்து மீன்பிடிப்போர் யாவரும் கடலடியைச் சுரண்டுவோரே" என்று ஒரே வாக்கியமாக அடித்துக் கூறிவிட்டோம். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் எம்மை அணுகினார். அவர் தூத்துக்குடியில் ஐஸ் ஆலையொன்றில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றுத் தம் மகள் வீட்டில் வந்து தங்கியிருப்பவர். "வாத்தியாரய்யா, வலையை இழுக்கிறது வேற, தூண்டிலை இழுக்கிறது வேற. ரெண்டையும் ஒரே தராசுல போட்டுட்டீங்களே! உங்க பேச்சைத் தூண்டில்காரன் கேட்டா வயிறெரிவான்" என்றார். யாம் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொருளும் பிரித்துக் காட்டி வருகின்றவர். ஆயினும் அன்று விடை கூற வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் இரு சொற்கள் உள. ட்ரால் என்பது கடலடியில் இழுக்கும் வலை. ட்ரோல் என்பது படகின் பின்னே நீர்மேல் இழுக்கும் தூண்டில். நம் செய்தித்தாள்களில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே எழுத்தில் வருகின்றன. படித்தவர் பிழைக்கின்றனர், அப்பிழை கரையிலிருப்போர் தலையில் விழுகின்றது.

மலையடிவாரத்தில் வாழும் நமக்குக் கடலோடு என்ன உறவு என்று சிலர் எண்ணலாம். பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஓர் ஊரும், பஞ்சாலைக்கும் வேட்டை நாய்க்கும் பெயர்பெற்ற மற்றோர் ஊரும் கடலைப் பற்றிப் பேச உரிமையுடையனவா என்று நகைப்பாரும் உளர். அவர்கள் பொருட்டு ஒரு சிறு வரலாறு கூறுவோம். 1910-ஆம் ஆண்டிற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி ஜில்லாவைச் சார்ந்திருந்தது. தூத்துக்குடித் துறைமுகமும் அதே ஜில்லா. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா புதிதாக அமைந்தபோது நம் வட்டம் அதனுள் சேர்க்கப்பெற்றது. இராமேசுவரமும் பாம்பனும் மண்டபமும் நமக்கு உடன்பிறந்த ஊர்களாயின. 1985-இல் காமராசர் மாவட்டம் என்று பிரிக்கப்பெற்று, பின்னர் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் வழங்கத் தொடங்கிய பின்னரே நாம் கடற்கரை இல்லாத மாவட்டத்தார் ஆனோம். நம் இல்லங்களில் ஐம்பது வயதைக் கடந்தோர் அனைவரும் கடற்கரை ஜில்லாவிற் பிறந்தவரே என்க.

கணக்குப் புத்தகத்து உறவு கிடக்க. வயிற்றுறவும் உண்டு. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு இருப்புப்பாதை 1927-இல் இட்டனர். அது ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியே செல்வது. அதற்கு முன்னும் பின்னும் வண்டிப் பாதைகள் இரண்டு நமக்குக் கடலைக் கொணர்ந்தன. ஒன்று கீழ்த்திசையிற் கோவிற்பட்டி வழியே தூத்துக்குடிக்கு. மற்றொன்று தென்மேற்கே செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய் வழியே கொல்லத்திற்கு. நம் கரிசற் பஞ்சு கீழ்த்திசை வழியே துறைமுகத்திற்குப் போயிற்று. உப்பும் கருவாடும் திரும்பி வந்தன. இவ்விரு வழிகளையும் நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். நாம் கூறப்போகும் வரலாற்றில் ஒன்றின் கோடியில் தூண்டிலும், மற்றொன்றின் கோடியில் மோட்டாரும் நிற்கின்றன.

கோதை பிறந்த ஊரார்க்குக் கடல் அயலாதல் யாங்ஙனம்? திருப்பாவையின் நான்காம் பாட்டில் மழையை விளித்துக் கடலுட் புகுந்து நீரை முகந்து எழுக என்று வேண்டுகின்றாள் அவள். நாச்சியார் திருமொழியில் கடலிற் பிறந்த வெண்சங்கை நோக்கிப் பத்துப் பாட்டு அவள் பாடுவதையும் நாம் அறிவோம். ஆயினும் அச்சங்கு கிடைக்கும் மன்னார் வளைகுடாக் கடலை நம்முள் எத்தனை பேர் கரை விட்டகன்று கண்டுளோம்? யாமும் சென்ற ஆண்டு வரை கண்டிலம்.

இனி நூல்களிற் புகுவோம். பண்டைத் தமிழர் மீன்பிடித்த வகைகளுள் சங்க நூல்கள் பெரிதும் காட்டுவன வலையும் எறியுளியுமாம். மூங்கிற் கழையில் உளியைப் பொருத்திக் கயிறு கட்டிப் பெருமீன்மேல் எறிந்து பிடிக்கும் பரதவர் வேட்டத்தைக் குறுந்தொகையின் நெய்தற் பாட்டொன்று காட்டுகின்றது. திமில் என்னும் படகும், இரவில் அதில் எரியும் விளக்கும் நெய்தற் பாட்டுகளில் பல்கால் வரும். தூண்டிலோ பெரும்பாலும் மருதத்திற்கு உரியதாகவே காணப்பெறும். அகநானூற்றில் நக்கீரர் பாட்டொன்றில், வரால் ஒன்று தூண்டில் இரையை விழுங்கி, ஆம்பல் இலை கிழியக் குவளை மலர் சிதையப் பாய்ந்து, இழுப்பார்க்கு அடங்காது பொய்கையைக் கலக்குகின்றது. தூண்டில் மீனின் ஆற்றலை இதனினும் நன்கு யாரும் பாடிலர் என்பது எம் கருத்து. ஆனால் அது குளத்து மீன். பிடிப்பான் கரையில் நிற்கின்றான். ஓடும் படகின் பின்னே தூண்டில் இழுத்தமைக்குச் சங்க நூல்களில் சான்று காட்ட எம்மால் இயலவில்லை. இல்லாததை உண்டென்று கூறிப் பெருமை தேடுதல் பண்டிதர்க்கு அழகன்று.

ஆயினும் திருக்குறளில் ஒரு குறிப்புளது. சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், சூதில் வென்று பெறும் பொருளை, மீன் விழுங்கிய தூண்டிலின் பொன்னோடு ஒப்பிடுகின்றார் வள்ளுவர். ஈண்டுப் பொன் என்றது இரும்பை எனப் பரிமேலழகர் உரை கூறுவர். இரையால் மறைந்த இரும்பை இரையென்றே மீன் விழுங்கும் என்பது கருத்து. இவ்வுரையை யாம் பல்லாண்டுகளாக வகுப்பிற் கூறி வந்துளோம். இரையே இல்லாமல், பளபளக்கும் தகடு ஒன்றையே காட்டி மீனை மயக்கும் தூண்டிலும் உலகில் உண்டு என்பது அப்போது எமக்குத் தெரியாது. அதனைக் கண்ணாற் கண்டது பின்வருமாறு.

எம்மைத் திருத்திய முதியவர் அத்துடன் விட்டாரில்லை. "வாங்க, காட்டுறேன்" என்று ஒரு சனிக்கிழமை எம்மைத் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றார். அவருக்குப் பழக்கமான மீனவர் ஒருவரது நாட்டுப்படகில், விடியுமுன் நாலரை மணியளவில் ஏறினோம். கண்ணாடி இழையால் ஆன சிறு படகு. பின்புறம் கழற்றி மாட்டும் மோட்டார் ஒன்று. படகுக்காரரும் அவர் தம்பி மகனும் ஆக இருவர். கரை மறைந்த அரை மணிக்குள் எம் வயிறு எம்மைக் கைவிட்டது. அதனை விரித்தல் வேண்டா. "அடிவானத்தப் பாருங்க சார், படகப் பாக்காதீங்க" என்றார் அவர். அது நல்ல மருந்து.

பொழுது புலர்ந்ததும் தூண்டில் இறங்கிற்று. ஒன்று நீளமானது, மற்றொன்று குறுகியது; ஓட்டத்தில் ஒன்றோடொன்று சிக்காதிருக்கவே இவ்வேற்றுமை. நைலான் நரம்பின் நுனியில் முழ நீளத்திற்கு மெல்லிய எஃகுக் கம்பி. "சீலா பல்லு கத்திரிக்கோல் சார், கம்பி இல்லேன்னா நரம்பு போச்சு" என்றார். கம்பியின் முனையில் பெரிய முள். முள்ளின் தண்டை மூடி வெள்ளை இழைகளைக் குஞ்சம்போற் கட்டி, அதன் தலையில் மெல்லிய தகடொன்றைச் சுற்றியிருந்தனர். இரை ஏதும் இல்லை. வள்ளுவர் கூறிய பொன் எம் கையில் இருந்தது. நரம்பின் மறுமுனைக்குச் சிறிது முன்னே பழைய சைக்கிள் டியூப் துண்டொன்று கட்டப்பட்டிருந்தது. மீன் வெடுக்கென இழுக்குங்கால் அறாமல் நெகிழ்ந்து கொடுப்பதற்கு. பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மேனாட்டுச் சுருளுருளையில் தடைத்திருகு செய்யும் வேலையை அந்த ரப்பர் துண்டு செய்கின்றது.

படகு விரைந்தும் ஓடவில்லை, மெதுவாகவும் ஊரவில்லை. மனிதர் ஓடும் வேகத்திற்குச் சற்றுக் குறைவு எனலாம். ஏன் நிறுத்திப் போடுவதில்லை என்று வினவினோம். "நிக்கிற எரைய சீலா நம்பாது சார். பயந்து ஓடுற எரையத்தான் நம்பும்." இதுவே இத்தொழிலின் இலக்கணம் முழுதும். நெய்மீன், சூரை, பாரை, ஊளி, மயில்மீன் முதலியன நீரின் மேற்பரப்பிற்கு அணித்தே திரிந்து, சாளையும் நெத்திலியும் கோலாவும் ஆகிய சிறு மீன் கூட்டங்களைத் துரத்தி உண்பவை. அவற்றின் கண் அசைவைத் தேடும். தப்பி ஓடுவதைக் கண்டால் ஆராயாது பாயும். ஆதலின் வேகமே இங்கு இரை. வானத்தில் பறவைகள் ஒரே இடத்தில் வட்டமிட்டு விழுந்தெழுமாயின், கீழே சிறு மீன் மேலெழுந்துள்ளது, அதன் கீழே பெருமீன் உள்ளது என்று பொருள். படகுக்காரர் பறவை நோக்கியே சுக்கானைத் திருப்பினார். மேலும், கடலின் அடியில் பாறைத் திட்டு உள்ள இடங்களைப் 'பார்' என்பர். அப்பாரின் ஓரங்களிற் சிறு மீன் கூடும். முத்துச் சிப்பி விளைந்த பார்களும் இக்கடலிலேயே உள. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்து முடிந்தது.

இம்முறைக்குப் பெயர் யாது என்று கேட்டோம். ஏடெழுதுவோர்க்குப் பெயர் வேண்டுமன்றோ! "பேரு என்ன சார் பேரு, தூண்டில ஓட விடுவோம்" என்றார். இதனினும் நல்ல மொழிபெயர்ப்பை எந்தக் கலைச்சொற் குழுவும் செய்திராது. இக்கட்டுரையில் இனி யாமும் ஓடுதூண்டில் என்றே வழங்குவோம்.

அவர் பாட்டனார் காலத்தில் மோட்டார் இல்லை. பாய் விரித்த வள்ளத்தின் பின்னே பருத்தி நூற்கயிற்றில் இதே தூண்டிலை ஓடவிட்டனராம். நல்ல காற்றில் பாய் வள்ளம் மணிக்கு ஐந்தாறு கடல்மைல் ஓடும். அது நெய்மீனுக்கு மிகப் பொருந்திய வேகம். காற்று வீழ்ந்தால் தூண்டிலும் தாழும், மீனும் இல்லை. பாரிலிருந்து கரைக்குத் திரும்பும் வழியிலும் தூண்டில் ஓடும். வீணே கழியும் பயணம் வருவாயாகும். இஃது உலகெங்கும் கடலோடிகள் அறிந்த சிக்கனமே. பசிபிக் தீவினராகிய பொலினீசியர் முத்துச்சிப்பியின் ஓட்டை மீன் வடிவிற் செதுக்கி, மரக்கலத்தின் பின்னே இழுத்துச் சூரை பிடித்தனர். இரும்பைக் காணாத மக்கள் அவர்கள். மாலத்தீவினரும் மினிக்காய்த் தீவினரும் வேறொரு வழி கண்டனர்: உயிர்மீனை நீரில் இறைத்துச் சூரைக் கூட்டத்தை மயக்கி, கழியில் கட்டிய முள்ளால் அள்ளி வீசுவது. அச்சூரையே உலர்ந்து மாசிக்கருவாடாக நம் கடைகளுக்கு வந்தது. 1343-ஆம் ஆண்டளவில் அத்தீவுகளில் வாழ்ந்த இபன் பதூதா, அம்மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதைக் குறித்துள்ளார்.

இவற்றால் மஸ்கத்து அன்பரின் வினாவிற்குப் பாதி விடை கிடைத்தது. ஓடுதூண்டில் மேனாட்டார் கண்டதன்று. எனின் மேனாட்டார் கண்டது யாது?

அவர் கண்டது விளையாட்டு. சென்னை மாகாணத்திற் கலெக்டராக இருந்த எச். எஸ். தாமஸ் என்பார் 1873-இல் 'இந்தியாவில் தூண்டில்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். ஆற்றுமீனைக் கோலும் உருளையும் கொண்டு பிடிக்கும் கலையே அதில் பெரிதும் பேசப்படுவது. அக்காலத்து ஆங்கிலேயர்க்குத் தூண்டில் என்றால் ஆறு. கடலின் பெருமீனைக் கோலால் பிடித்தல் ஆகாது என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1898-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாக் கரைக்கப்பால் சாண்டா கட்டலினாத் தீவில் சார்லஸ் ஹோல்டர் என்பவர், சிறு படகிலிருந்து கோலும் உருளையும் கொண்டு 183 ராத்தல், அதாவது ஏறத்தாழ 83 கிலோ, எடையுள்ள சூரையினப் பெருமீனைப் பிடித்தார். அவ்வாண்டே அங்குச் சூரைக் கழகம் ஒன்று தோன்றிற்று. மெல்லிய நூல், ஒருவரே போராடுதல் முதலிய விதிகள் வகுத்தனர். மீன் தப்பிப்பதற்கும் நியாயமான வாய்ப்பு வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நம் படகுக்காரரிடம் இக்கொள்கையைப் பின்னர் எடுத்துரைத்தோம். அவர் எம்மைச் சற்று இரக்கத்துடன் நோக்கினார்.

படகில் எஞ்சின் ஏறியதும் இவ்விளையாட்டு செல்வர் கைக்குச் சென்றது. காற்றை எதிர்பாராது எத்திசையும் ஒரே வேகத்தில் ஓடலாம். இருபுறமும் நீண்ட மூங்கிற் கழிகளை நீட்டி நான்கைந்து தூண்டில்களைச் சிக்கலின்றி இழுக்கலாம். பெருமீனோடு போராடுவார்க்குச் சுழலும் நாற்காலியும் இடலாம். எர்னஸ்ட் ஹெமிங்வே என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1934-இல் பிலார் என்னும் 38 அடிப் படகைச் செய்வித்தபோது, பயணத்திற்கு 75 குதிரைத் திறன் எஞ்சின் ஒன்றும், தூண்டில் இழுக்கவென்றே 40 குதிரைத் திறன் சிறிய எஞ்சின் ஒன்றும் பொருத்தினார். ஒரு தூண்டிலுக்கென்று தனி எஞ்சின்! ஆயினும் 1952-இல் அவர் வெளியிட்டுப் புகழ்பெற்ற 'கடலும் கிழவனும்' கதையில் வரும் முதியவனுக்கு எஞ்சினும் இல்லை, கோலும் இல்லை. கையில் கயிறு ஒன்றே. செல்வப் படகில் அமர்ந்து ஏழைத் தூண்டில்காரனைக் கண்டவர் அவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. 1939-இல் இவ்விளையாட்டிற்கு உலகச் சங்கம் ஒன்றும் அமைந்து, எம்மீன் எந்நூலில் எவ்வெடை என்று ஏடு வைக்கத் தொடங்கிற்று. இன்று மொரீஷியஸ், மஸ்கத்து, அந்தமான், சென்னை ஆகிய இடங்களிலெல்லாம் இவ்விளையாட்டு நடைபெறுகின்றது. பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவோரும் பெருகியுள்ளனர்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். இங்கேதான் எம் நெஞ்சை உறுத்திய செய்தி உளது. மேனாட்டில் எஞ்சின் வந்தபோது தூண்டிலோடு உறவு கொண்டது என்று கண்டோம். நம் கடலில் எஞ்சின் வந்தபோது எதனோடு உறவு கொண்டது?

சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை 1907-இல் அமைந்தது. அதற்கு வித்திட்டவர் சர் பிரடரிக் நிக்கல்சன். கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய அவரது அறிக்கையை நம் சங்கத்துக் கூட்டுறவு அன்பர்கள் அறிவர். மீனவர்க்குக் கடனும் கல்வியும் நல்ல படகும் கிடைத்தல் வேண்டும் என்று நெடிது உழைத்தவர். அவர்க்குப்பின் அத்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், நம் கட்டுமரம், வள்ளம், தோணி ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்து 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி நூல் வெளியிட்டார். ஆனால் 1927 முதல் அரசினர் ஆழ்கடலை ஆராய அனுப்பிய 'லேடி கோஷன்' என்னும் கப்பல் இழுவலைக் கப்பலே. தொடக்கம் அங்ஙனம் ஆயிற்று.

விடுதலைக்குப் பின் வந்தது பெருமாற்றம். அஃது ஆரியங்காவுக்கு அப்பால் தோன்றிற்று. இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் 1952-இல் உடன்படிக்கை செய்து, அதன்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 1953 முதல் பணி தொடங்கினர். சிறுபடகு மீனவர்க்கு எஞ்சின் தந்து வாழ்வுயர்த்தலே நோக்கம். நோக்கம் நல்லது, எம்மிடம் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் உறையவைத்த இறாலுக்கு அமெரிக்காவில் சந்தை திறந்தது. இறால் கடலடியில் வாழ்வது; அதனைத் தூண்டில் பிடியாது, மடிவலையே பிடிக்கும். எஞ்சினைக் கொண்டவர்கள் அதனை மடிவலையோடு பிணைத்தனர். இருபுறமும் பலகைகள் வாயை விரிக்க, கனத்த அடிக்கயிறு மண்ணைத் தழுவிச் செல்ல, முன்னிருந்தது முழுதும் பின்னுள்ள மடியிற் சேரும்: இறால், நண்டு, பொடிமீன், சங்குக் குஞ்சு, பாசி, எல்லாம். இறாலை எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றுட் பெரும்பகுதியை உரத்திற்கும் கோழித் தீவனத்திற்கும் விற்றனர். அறுபது, எழுபதுகளில் இம்முறை தமிழகக் கரை முழுதும் பரவிற்று.

ஓடுதூண்டிலும் இழுவலையும் படகின் பின்னேதான் வருகின்றன. ஒன்று ஒரு முறைக்கு ஒரு மீனை, அதுவும் வளர்ந்த மீனை, அதுவும் தானே பாய்ந்து வந்து கவ்வியதைப் பிடிக்கின்றது, கடலடியைத் தொடுவதில்லை. மற்றொன்றைப் பற்றி மேலே கூறினோம். இவ்விரண்டையும் யாம் ஒரே வாக்கியத்தில் அடைத்தமை எத்துணைப் பெரிய பிழை!

பூசல் எழுந்தது இயல்பே. வள்ளக்காரர் விரித்த வலைகளை விசைப்படகுகள் அறுத்துச் சென்றன. கரைதோறும் சண்டைகள் நிகழ்ந்தன. தமிழகத்தில் 1983-இல் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்து, கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத் தடை வந்தது. நம் கீழ்க்கரையில் இன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. பாக் நீரிணையில் பூசல் நாட்டெல்லையையும் கடந்தது. அக்கரையில் வலை அறுபடுபவரும் தமிழரே, அறுப்பவரும் தமிழரே. நெய்மீனை அறுக்குளா என்று வழங்கும் யாழ்ப்பாணத்து மீனவர்கள் நெடுங்காலம் முறையிட்ட பின், 2017 ஜூலையில் இலங்கை கடலடி இழுவலையைச் சட்டத்தால் தடை செய்தது.

அதே 2017 ஜூலையில் இந்திய அரசு இராமேசுவரத்தில் ஒரு திட்டம் தொடங்கிற்று. இழுவலைப் படகை ஒப்படைப்போர்க்குச் சூரை பிடிக்கும் நீள்தூண்டிலும் செவுள்வலையும் பொருந்திய ஆழ்கடல் படகு; அதன் விலை 80 இலட்சம் ரூபாயில் பாதியை நடுவணரசும் ஐந்திலொரு பங்கை மாநில அரசும் ஏற்கும்; மீதம் மீனவரது பங்கும் வங்கிக் கடனும். மூன்றாண்டில் 2000 படகுகள் என்பது இலக்கு; அத்துணை விரைவில் அது நிறைவேறவில்லை. எண்பது இலட்சத்துப் படகும், பல நாட் பயணமும், கடனும் எளியவர் தாங்கும் சுமையல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய ஊரார் தூண்டிலோடு ஆழ்கடலில் வாரக்கணக்காகத் தங்குவதிற் பெயர்பெற்றவர்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது, கரையில் எச்சரிக்கை கேட்டவர் தப்பினர், ஆழ்கடலிலிருந்த அவ்வூரார் பலர் மீளவில்லை. தூண்டிலுக்குத் திரும்புக என்று கரையிலிருந்து சொல்வது எளிது.

எம் பயணத்தின் முடிவையும் கூறிவிடுகின்றோம். எட்டு மணியளவில் நீளத் தூண்டிலின் ரப்பர் துண்டு சட்டென்று நீண்டது. இளைஞன் மோட்டாரைத் தணித்தான். படகுக்காரர் நரம்பைக் கையில் வாங்கி, மீன் இழுக்குங்கால் விட்டும் தளருங்கால் வலித்தும், கால்மணி போராடினார். அவர் விரல்களில் நரம்பு அறுத்த பழைய வடுக்கள் கோடு கோடாக இருந்தன. வெள்ளியும் நீலமும் கலந்த சீலா ஒன்று, உடம்பில் மங்கிய குறுக்கு வரிகளோடு, படகிற்குள் வந்து விழுந்தது. நான்கு கிலோவிற்குக் குறையாது. அதன்பின் இரண்டு மணி நேரம் ஓடியும் ஒரு சூரையே கிடைத்தது.

கரையில் ஏலம் முடிந்ததும் கணக்குப் பார்த்தார். "சீலா பெட்ரோலுக்கு, சூரை வீட்டுக்கு சார்" என்றார். விசைப்படகுகள் வந்து கரையடையும் நேரம் அன்று மாலையாகும்; அவற்றின் கணக்கு வேறு. வீட்டுக்கென வைத்த சூரையிற் பாதியை எமக்கு அளிக்க முனைந்தார். யாம் மறுத்தோம், முதியவர் எம் காதில், மறுத்தால் அவமதிப்பாகும் என்றார். பெற்றுக்கொண்டு, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் இட்டு, பேருந்தில் மடிமேல் வைத்து இராஜபாளையம் கொணர்ந்தோம். எம் இல்லாள் அதனைக் கண்டு, "ஒரு நாள் முழுக்கக் கடலுக்குப் போய் இவ்வளவுதானா?" என்றனள்.

மஸ்கத்து அன்பர்க்குத் தனியே எழுதியுள்ளோம். அடுத்தமுறை படகேறுங்கால் அப்படகை ஓட்டும் உள்ளூர் மீனவரிடம், அவர் பாட்டனார் தூண்டிலை எதனால் மறைத்தனர் என்று கேட்டு எழுதுமாறு வேண்டியுள்ளோம். சென்ற ஆண்டுக் கூட்டக் குறிப்பேட்டில் எம் பேரால் பதிந்துள்ள அவ்வொரு வாக்கியத்தை நீக்கிவிடும்படி நம் சங்கக் காரியதரிசி அவர்களுக்கும் கடிதம் கொடுத்துள்ளோம்.